அம்மம்மாவுக்கு ஒரு கல்வெட்டு

கேள்வி:

ஐயா, என் அம்மம்மா காலமாகி இரண்டு கிழமை ஆகிறது. புங்குடுதீவில் பிறந்து, கலியாணம் முடித்து, அம்மப்பாவோடு உருத்திரபுரத்துக்குக் குடியேறியவ. ஏழு பிள்ளைகள். நான் தமிழ் ரீச்சர் என்றபடியால் 31ஆம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கிற கல்வெட்டை, அதுதான் நினைவுப் புத்தகத்தை, எழுதும் பொறுப்பை என்னிடம் தந்துவிட்டார்கள். கலரில் 60 பக்கம் வேணும், பேரப்பிள்ளைகளின் பட்டம் பதவி எல்லாம் வரவேணும் என்று கனடா மாமா நிற்கிறார். எங்களிடம் இருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான், மற்றதெல்லாம் கடைசி யுத்தத்தில் மாத்தளனோடு போயிற்று. வயது 93 என்கிறார் மாமா, 95 என்கிறா பெரியம்மா. அம்மம்மாவோ தன்னைப் 'பிரசோற்பத்தி வருசத்துப் பிள்ளை' என்று சொல்லுவா. எல்லாவற்றையும் விடப் பெரிய சண்டை சின்ன மாமாவைப் பற்றியது. 2009 சித்திரையில் மாத்தளனில் எங்களை விட்டுப் பிரிந்தவர், இன்றுவரை தகவல் இல்லை. அவர் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' போடுவதா இல்லையா? வெண்பாவும் தேவையா? நாலு தரம் எழுதத் தொடங்கி, நாலு தரமும் 'அன்பின் திருவுருவமே' என்ற வரியோடு நிற்கிறேன். எனக்கு இன்னும் அழுகையும் வரவில்லை. மரண அறிவித்தலையும் எனக்குத் தெரிந்த குறிப்புகளையும் இணைத்திருக்கிறேன்.
– பேரப்பிள்ளை, கிளிநொச்சி

பதில்:

தங்கச்சி,

அந்த 'அன்பின் திருவுருவமே'யை முதலில் வெட்டிவிடுங்கோ. கல்வெட்டு எழுதிக் கொடுக்கிற தொழிலில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறேன். அந்த வரியை எத்தனை ஆச்சிமாருக்குப் போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒரே வெண்பாவைப் பெயரை மட்டும் மாற்றி ஐந்து வீட்டுக்குக் கொடுத்ததும் உண்டு. நாலாவது வீட்டு ஆச்சியின் பெயர் ஓரசை நீளம், தளை தட்டியது. அச்சான பிறகுதான் கண்டேன். வீட்டுக்காரர் வந்து சண்டை பிடிக்கப் போகிறார்கள் என்று ஒரு கிழமை பயந்துகொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை. ஒருவரும் வாசிக்கவில்லை என்று பிறகுதான் விளங்கியது.

நீங்கள் அனுப்பிய மரண அறிவித்தலைப் பார்த்தேன். 'புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும், உருத்திரபுரத்தை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கி, இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்னாரின் மாமி, இன்னாரின் பேத்தியார், பூட்டியார் என்று பதினான்கு வரி ஓடுகிறது. அம்மம்மா செய்த வேலை ஒன்றுகூட அதில் இல்லை. வினைமுற்று என்று தேடினால் 'காலமானார்' ஒன்றுதான் அகப்படுகிறது. தமிழ் படிப்பிக்கிற உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

அறிவித்தலில் பிழையில்லை. வானொலியில் கேட்கிற சனத்துக்கு இது எந்த வீட்டுச் சாவு என்று உறவுமுறையால்தான் விளங்கும். அதே பட்டியலை வழுவழுத்த தாளில் திருப்பி அடித்துக் கல்வெட்டு என்று பெயர் வைப்பதுதான் எனக்குச் சம்மதமில்லை. அந்த மனுசி தொண்ணூறு வருடத்துக்கு மேல் என்ன செய்தா என்பதை எழுதுங்கோ.

ஒரு உதாரணம் உங்கள் குறிப்பிலேயே இருக்கிறது. உருத்திரபுரத்துக் காணி அனுமதிப்பத்திரம் அம்மப்பாவின் பெயரில் என்று எழுதியிருக்கிறீர்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்படி குடியேற்றவாசிகளுக்குக் கொடுத்த அந்தக் கடதாசிகளில் பெரும்பாலும் ஆம்பிளையின் பெயர்தான் இருக்கும். ஆனால் காடு வெட்டின பிறகு வேர் பிடுங்கினது ஆர்? கிணறு வெட்டக் குழிக்குள் இறங்கினது அம்மப்பா என்றால், மேலே நின்று மண் கடகத்தை இழுத்தது ஆர்? இரவில் பன்றிக்குத் தகரம் தட்டினது ஆர்? கைக்குழந்தையை எங்கே கிடத்திவிட்டுத் தட்டினா? இதை எல்லாம் ஒரு கந்தோரும் பதிந்து வைக்கவில்லை. உங்கள் பெரியம்மாவுக்குத் தெரியும். அந்தக் கைக்குழந்தையே அவவாகவும் இருக்கலாம்.

இனி, எப்படிக் கேட்பது. வன்னிச் சனத்திடம் 'எப்ப இடம்பெயர்ந்தீங்கள், எப்படிக் கஷ்டப்பட்டீங்கள்' என்று தொடங்கினால் முகம் இறுகிவிடும். அந்தக் கேள்விகளை எத்தனையோ பேர் படிவத்தோடு வந்து கேட்டுவிட்டார்கள். அதற்கென்று ஒரு மறுமொழி எல்லாரிடமும் மனப்பாடமாக இருக்கிறது. நான் கேட்பது வேறு: 'அங்க தண்ணி எங்க அள்ளினீங்கள்?' எனக்கு இது வாய்த்தது தற்செயலாகத்தான். ஒரு மத்தியானம் ஒரு வீட்டில் தாகத்துக்குத் தண்ணி கேட்டேன். எடுத்து வந்த அம்மா, கிணற்றுத் தண்ணியில் தொடங்கி ஒன்றரை மணித்தியாலம் கதைத்தா. தண்ணீரைச் சொல்ல வெளிக்கிட்டால் தூரம் வரும், குடம் வரும், கூட வந்த அயலட்டைச் சனம் வரும், வரிசையில் நடந்த சண்டை வரும், அன்றைக்கு என்ன சமைத்தது என்பதும் வந்துவிடும்.

உங்கள் அம்மம்மாவுக்கு இந்தக் கேள்வி இன்னும் பொருந்தும். தீவகத்தின் உவர்க் கிணறுகளை விட்டு வன்னிக்கு வந்த தலைமுறை அவ. நல்ல தண்ணிக்கு நடந்து திரிந்த பிள்ளை, இரணைமடு வாய்க்காலில் தண்ணி நிறைந்து ஓடினதை முதல் தரம் பார்த்தபோது என்ன சொன்னா? ஆரிடமாவது சொல்லியிருப்பா. உங்கள் குறிப்பின்படி அவ குடியிருந்த இடங்களை எண்ணினேன்: புங்குடுதீவு, உருத்திரபுரம், 1996இல் அக்கராயன், பிறகு ஸ்கந்தபுரம், திரும்பவும் உருத்திரபுரம், 2008 கடைசியில் தருமபுரம், அங்கிருந்து விசுவமடு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், பிறகு மெனிக்பாம் முகாம், 2010இல் மீண்டும் உருத்திரபுரம். வேறு வேறாக எடுத்தால் பத்து இடம். அறிவித்தலில் இரண்டுதான் இருக்கிறது. ஒரு கொப்பியில் இடத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கித் தலைப்பில் ஊரின் பெயரைப் போடுங்கோ. தண்ணி எங்கே அள்ளினது, அடுப்பு எங்கே மூட்டினது, இரவில் ஆர் ஆர் படுத்தது என்று மூன்றும் நிரம்பினால் போதும். சில பக்கம் இரண்டு வரியோடு நிற்கும். நிற்கட்டும். மாத்தளன் பக்கத்தை நிரப்ப ஒருவரையும் நெருக்க வேண்டாம். அங்கே தண்ணிக்குப் போய்த் திரும்பாதவர்கள் உண்டு. நான் சொன்ன கேள்விக்கும் அங்கே அழுகைதான் பதிலாக வரலாம். வந்தால் கொப்பியை மூடிவிட்டுத் தேத்தண்ணி போடுங்கோ.

ஆண்டுகள் ஒருவருக்கும் நினைவிராது. ஊருக்குப் பொதுவான சம்பவங்களில் கட்டிக் கேட்டால் பிடிபடும். யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கியது: அம்மம்மா முதல் தரம் கிளிநொச்சி ஸ்ரேசனில் இறங்கினது அதற்கு முன்னமா பின்னமா? 1964 மார்கழியில் தனுஷ்கோடியை அழித்த புயல் வன்னியைக் கடந்துதான் போனது: அன்றைக்குக் கூரை நின்றதா, நடு மாமா வயிற்றிலா மடியிலா? 1970இல் வந்த அரசாங்கம் வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் தடை போட்டது. 1977 வரைக்கும் கிளிநொச்சித் தோட்டக்காரர் கையில் காசு புரண்டது. அம்மம்மாவின் கையில் மிளகாய்க் காசு வந்ததா, அதில் என்ன வாங்கினா? தையல் மெசினா, ஒரு சோடி காப்பா, லாண்ட்மாஸ்டர் உழவு மெசினுக்கு முற்பணமா? அந்தக் காலத்தைப் பற்றி வாய் திறந்த வயதானவர்கள் இலேசில் நிறுத்தமாட்டார்கள். கேட்டுப் பாருங்கோ. இன்னுமொன்று: கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதற்கு முந்திய பிறப்புப் பத்திரங்களில் யாழ்ப்பாண மாவட்டம் என்றிருந்தால் பிழை என்று நினைத்துத் திருத்திவிட வேண்டாம். கனடாவில் வளர்ந்த பேரன் ஒருவன் அப்படித் திருத்தின பக்கத்தை நான் கடைசி நேரத்தில் பிடித்திருக்கிறேன்.

வயதுச் சண்டையை இரண்டு நிமிடத்தில் தீர்த்துவைக்கலாம். நீங்கள் அனுப்பிய படத்தில் அடையாள அட்டை இலக்கம் 32574 என்று தொடங்குகிறது. பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்ணும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 574இல் 500ஐக் கழித்தால் 74. தை 31, மாசி 29 என்று இங்கிலீசு மாதக் கணக்கில் எண்ணிப் போனால் 74ஆவது நாள் மார்ச் 14. ஆக, 1932 மார்ச் 14. இது கந்தோர்க் கணக்குத்தான். இந்த அட்டைகள் 1972இல்தான் கொடுபடத் தொடங்கின. நாற்பது வயதில் வரிசையில் நின்று உத்தேசமாக ஒரு திகதியைச் சொன்னவர்கள் ஏராளம். அதனால் அட்டையை மட்டும் நம்பி நான் எழுதுவதில்லை.

ஆனால் உங்கள் அம்மம்மா 'பிரசோற்பத்தி வருசத்துப் பிள்ளை' என்று தானே சொல்லியிருக்கிறா. பிரசோற்பத்தி 1931 சித்திரையில் பிறந்து 1932 பங்குனியோடு முடிந்த வருடம். மார்ச் 14 அதற்குள்தான் விழுகிறது. அட்டையும் ஆச்சியும் ஒரே கதை சொல்லுகிறார்கள். மாமாவின் கணக்குத்தான் சரி, 93 பூர்த்தி. பெரியம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கோ. அவவுடைய 95 ஒன்றும் கற்பனையாக இராது. தமையனுடைய வயதோடு மாறியிருக்கலாம்.

இனிச் சின்ன மாமா.

இதற்கு நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது, நீங்களும் சொல்லக் கூடாது. சொல்ல உரிமையுள்ள ஒருவர் அவருடைய மனைவி. மாமியிடம் முதலில் போய்க் கேளுங்கோ. கனடாவிலிருந்து வருகிற அழைப்பில் பத்துப் பேருக்கு நடுவில் வைத்துக் கேட்காமல், வீட்டுக்குப் போய், தனியாக. அவ வங்கிக்கோ காணிக்கோ தேவைப்பட்டு மரணச் சான்றிதழ் எடுத்திருந்தால், அதை வைத்து 'அப்ப செத்தவர்தானே' என்று ஒருவரும் வாதிட இடம் கொடுக்க வேண்டாம். கடதாசி எடுத்தவர்களுக்குத் தெரியும் ஏன் எடுத்தது என்று.

அடுத்ததாக, இது அம்மம்மாவின் கல்வெட்டு. அவ மகனை எந்தப் பக்கத்தில் வைத்திருந்தா என்று பார்க்க வேணும். உங்கள் குறிப்பில் இரண்டு வரி இருக்கிறது, நீங்கள் போகிற போக்கில் எழுதியவை. ஒன்று: வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் சின்ன மாமாவின் பெயருக்கும் கேட்டை நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்விப்பா. மற்றது: புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பங்குனி உத்தரப் பொங்கலுக்கு அரிசி அளக்கும்போது பிள்ளைக்கு ஒரு சுண்டாக ஏழு சுண்டு அளப்பா, கடைசி வருடமும் ஏழுதான். பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்விப்பது இருக்கிறவருக்கு. இறந்தவர்களுக்குச் செய்கிற மாளயத்தில் ஐயரிடம் அவர் பெயரை அவ ஒருநாளும் கொடுக்கவில்லை என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் காணாமற்போனவர்களின் தாய்மார் குந்தின பந்தலுக்கு முழங்கால் வருத்தத்தோடு போய் இருந்தவ. அப்படியொரு தாயின் கல்வெட்டில் 'காலஞ்சென்ற' என்று அச்சடிக்க எனக்குக் கை வராது.

நான் வழக்கமாகச் செய்வது இது. பிள்ளைகளின் பெயரைப் பிறந்த ஒழுங்கில் போடுவேன். காணாமற்போனவரின் பெயரையும் அந்த ஒழுங்கில், முன்னால் ஒரு சொல்லும் இல்லாமல் போடுவேன். வரலாற்றுப் பகுதியில், குடும்பம் சம்மதித்தால், ஒரு வசனம்: '2009 சித்திரையில் மாத்தளனில் பிரிந்த மகனைக் கடைசி நாள்வரை தேடினா.' நடந்தது இவ்வளவுதான், இதில் ஒருவரும் பிழை பிடிக்க முடியாது. மாமா சட்டம் பேசினால் இதைச் சொல்லுங்கோ: 2016இல் சட்டத்தையே திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்கு இடம் வைத்தார்கள். அரசாங்கத்துக்கே இருப்புக்கும் சாவுக்கும் நடுவில் ஒரு கடதாசி தேவைப்பட்டிருக்கிறது.

அதற்கு மேல் விவரம் வேண்டாம். ஆரோடு நின்றார், என்ன உடுப்புப் போட்டிருந்தார் என்பதெல்லாம் அச்சில் வரத் தேவையில்லை. அவருடைய பிள்ளைகள் வேலைக்கும் விசாவுக்கும் விண்ணப்பிக்கிற வயதில் இருக்கிறார்கள்.

படங்களுக்கு வருவோம். அடையாள அட்டைப் படம் ஒன்றே போதும். ஸ்ரூடியோக்காரனிடம் கொடுத்தால் பெருப்பிக்கிற சாட்டில் பட்டுச்சீலை உடுத்தி, பின்னால் நீர்வீழ்ச்சி வைத்து, சுருக்கம் எல்லாம் அழித்து நாற்பது வயதுக்காரியைத் திருப்பித் தருவான். சுவிஸ் மலைக்கு முன்னால் நிற்கிற உருத்திரபுரத்து ஆச்சி ஒருவவை நானே அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன், இன்றுவரை அந்தப் படம் என்னை விட்டுப் போகவில்லை. வெளிச்சத்தை மட்டும் சரிசெய்யச் சொல்லுங்கோ.

மற்றப் படங்கள் உங்களிடம் இல்லை, ஆனால் உலகத்தில் இருக்கின்றன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வெளிநாட்டுக்குப் போன கடிதங்களுக்குள் படம் வைத்து அனுப்பாத வீடு குறைவு. வன்னியில் எரிந்தது மொன்றியலில் ஒரு பிஸ்கட் பேணிக்குள் கிடக்கும். மற்றவர்களின் கலியாண அல்பங்கள், சாமத்தியவீட்டு வீடியோக் கொப்பிகளைத் தேடச் சொல்லுங்கோ. மணமக்களுக்குப் பின்னால், பாதி மறைந்து, பலகாரத் தட்டோடு உங்கள் அம்மம்மா நிற்பா. கமராவுக்கென்று நிமிர்ந்து நிற்கிற படத்தை விட எனக்கு அந்தப் பாதிப் படம்தான் பிடிக்கும். இந்த வேலையைக் கனடா மாமாவிடம் கொடுங்கோ. அறுபது பக்கம் வேணும் என்று நிற்கிறவருக்கும் கையில் ஒரு வேலை இருக்க வேணும். தாயின் கடைசி நாளில் பக்கத்தில் இருக்க முடியாத பிள்ளைகள்தான் பெரும்பாலும் கலர்ப் பக்கங்களுக்கு அடம் பிடிக்கிறவர்கள். இத்தனை வருடத்தில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவரோடு பக்கக் கணக்கில் மல்லுக்கட்ட வேண்டாம்.

பேரப்பிள்ளைகளின் பட்டங்களைப் பற்றி மட்டும் ஒரு பிடிவாதம் பிடியுங்கோ. எந்தப் பேரனுக்கு என்ன பட்டம் என்று போடாமல், அம்மம்மா ஒவ்வொருவரையும் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டா என்று பெயருக்குப் பக்கத்தில் போடுங்கோ. வைத்திய கலாநிதியை அவ 'பொந்தன்' என்று கூப்பிட்டிருந்தால் அதுதான் வரவேணும். இது சொல்லி ஒத்துக்கொள்ளாத பேரப்பிள்ளையை நான் இன்னும் காணவில்லை. பெற்றார்தான் முகம் சுளிப்பார்கள். பெயர்ப் பட்டியலை மூன்று பேர் தனித்தனியாக மெய்ப்புப் பார்க்க வேணும். ஒரு மருமகனின் பெயர் விடுபட்டால் பத்து வருடத்துக்கு அந்த வீட்டில் கை நனைக்க ஏலாது.

வெண்பா தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். திதி வெண்பா ஒன்று கட்டாயம் வேணும். அது அலங்காரத்துக்கு இல்லை. எந்த வருடம், எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி என்பதை மனப்பாடம் ஆகிற மாதிரி நாலு அடியில் பூட்டி வைப்பது. வருடாவருடம் திவசம் வருவது திதிப்படி, கலண்டர்த் திகதிப்படி இல்லை. பிராம்டனில் இருக்கிற பேரன் இருபது வருடம் கழித்து அந்த நாலு அடியைப் பார்த்துத்தான் நாள் கேட்பான். ஐயரிடம் திதியை எழுத்தில் வாங்குங்கோ. வெண்பாவை நீங்களே கட்டுங்கோ, தளை பிழைத்தால் நான் திருத்தித் தருகிறேன், காசு வேண்டாம். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வாடகைக்கு எழுதுவிக்கிற பகுதியை முழுதாக விடலாம். தேவாரங்களில் அம்மம்மா உண்மையில் பாடினதை மட்டும் போடுங்கோ. சிவபுராணம் 95 அடியும் எல்லாக் கல்வெட்டிலும் இருக்கிறது. அவ அதில் எந்த அடியில் மூச்சு வாங்குவா, எந்த அடியைத் தன்பாட்டில் மாற்றிச் சொல்லுவா என்று உங்களுக்குத் தெரிந்தால் அதை எழுதுங்கோ.

அவவுடைய பேச்சுக்கும் ஒரு பக்கம் வேணும். 'வண்டில் வரட்டும்' என்று நீங்கள் எழுதியிருந்ததை மூன்று தரம் வாசித்தேன். பொறுத்துச் செய்யக் கூடிய எதற்கும், கறண்ட் பில் கட்டுவதற்கும், 'வண்டில் வரட்டும், பாப்பம்' என்பா என்று. குடியேறின காலத்தில் சாமான் ஏற்றி வந்த மாட்டு வண்டிலுக்குக் காத்திருந்த பழக்கம் அது. அந்த வண்டில் கிழமைக்கு ஒன்றா இரண்டா வந்தது, எந்தப் பக்கமிருந்து வந்தது, அதில் அவவுக்கென்று என்ன வந்தது? இந்த ஒரு சொல்லை வைத்தே 1950களின் உருத்திரபுரத்தை ஒரு பக்கத்துக்கு எழுதலாம். பேரப்பிள்ளைகளைக் கேட்டால் இப்படிப் பத்துச் சொல் தேறும். சமையலிலும் அப்படித்தான். 'அருமையாகச் சமைப்பா' என்று எழுதினால் அது எல்லா ஆச்சிக்கும் பொருந்தும். ஒடியல் கூழுக்குப் புளி எப்போது விட்டா, பாலைப்பழக் காலத்தில் உதட்டில் ஒட்டின பாலை எதைப் பூசி எடுத்துவிட்டா, மொட்டைக்கறுப்பன் அரிசியை எவ்வளவு நேரம் ஊறப்போட்டா என்று எழுதினால் அது அவவுக்கு மட்டும்தான் பொருந்தும். நான் கையெழுத்துப் பிரதியை இப்படித்தான் சோதிக்கிறது: பெயரை மறைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு ஆச்சியின் பெயரைப் போட்டுப் பார்ப்பேன். பொருந்தினால் அந்த வசனம் வெட்டு.

நல்லதை மட்டும் எழுதச் சொல்லி ஆரும் வற்புறுத்துவார்கள். மூத்த மருமகளோடு ஆறு வருடம் கதைக்காமல் இருந்தா என்று குறிப்பில் இருக்கிறது. கதைக்காமல் இருந்தது எழுதத் தேவையில்லை. மெனிக்பாமில் அந்த மருமகளுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்து வாய் திறந்தா என்பதை, மருமகள் சம்மதித்தால், எழுதலாம். கோபக்காரி என்று எழுதுவதற்குப் பயப்பட வேண்டாம். கோபமில்லாமல் ஏழு பிள்ளையை அந்தப் பாதையால் கூட்டிக்கொண்டு வந்திருக்க முடியாது.

இதெல்லாம் பதினேழு நாளில் முடியாது. 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு நாலு பக்கத்தில் ஒரு சின்னக் கல்வெட்டு அடியுங்கோ: படம், திதி வெண்பா, பெயர்ப் பட்டியல், அம்மம்மா பாடின ஒரு தேவாரம், நன்றி. வருகிற சனம் கையில் கொண்டுபோகட்டும். பெரிய புத்தகத்தை ஆட்டத் திவசத்துக்கு வையுங்கோ. மாமாவுக்கும் படம் தேட ஒரு வருடம் கிடைக்கும். அச்சானதும் ஒரு பிரதியை நூலகம் இணையத் தளத்துக்குக் கொடுங்கோ. 2005இல் தொடங்கின அந்த எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறார்கள். ஊர் வரலாறு தேடுகிற பிள்ளைகள் இன்றைக்கு அவற்றைத்தான் புரட்டுகிறார்கள். புங்குடுதீவிலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்களைப் பற்றிப் பிற்காலத்தில் ஆராயும் ஒருவருக்கு உங்கள் பத்து இடப் பட்டியல் பொன் மாதிரி.

அழுகை வரவில்லை என்பதற்கு என்னிடம் தொழில்முறை மறுமொழி இல்லை, நான் எழுத்து வேலைக்காரன். கல்வெட்டுப் பொறுப்பை எடுத்தவர்கள் பலருக்கு அச்சகத்துக்குக் கொடுத்து முடியும்வரை அழுகை வருவதில்லை என்பதை மட்டும் கண்டிருக்கிறேன். மெய்ப்பில் ஒரு எழுத்துப் பிழையைக் கண்டு விம்மினவர்கள் உண்டு. மாதக் கணக்கில் நித்திரையும் சாப்பாடும் குழம்பினால் மாவட்ட ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குப் போக வெட்கப்பட வேண்டாம். அங்கே இருக்கிறவர்கள் எங்கள் சனத்தின் கதை கேட்டுப் பழகினவர்கள்.

இப்போதைக்கு ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். வன்னேரிக்குளத்தில் அம்மம்மாவின் தங்கச்சி இருக்கிறா, 88 வயது, காது கொஞ்சம் மந்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். வாய்க்கால் பார்த்த முதல் நாளையும், வண்டில் வந்த திசையையும், புங்குடுதீவுக் கிணற்றையும் சொல்லக் கூடியவர் உலகத்தில் இனி அவ ஒருவதான். வருகிற சனிக்கிழமையே போங்கோ, காலமை வேளையில். கைத்தொலைபேசியில் பதிவு போட்டு மடிக்குக் கிட்ட வையுங்கோ, மின்விசிறியை நிற்பாட்டுங்கோ, அவ பேச்சை நிறுத்தி முற்றத்தைப் பார்த்தால் நீங்களும் பேசாமல் முற்றத்தைப் பாருங்கோ. மாத்தளனுக்குள்ளாலும் அம்மம்மா மடியில் செருகிக் கொண்டுவந்த பாக்குவெட்டியைக் கையோடு எடுத்துப் போங்கோ. கேள்வி கேட்க முதல் அதை அவ கையில் கொடுங்கோ.